மூடி வைத்த ஹிநோசவா

2012 அக்டோபர் 20 அன்று, அக்கிதா மாவட்டம் ஒனமி நகரத்துப் புத்தர் கோயில் முற்றத்தில், எட்டு மில்லிமீட்டர் படச்சுருள்கள் முப்பத்தாறு சடங்குகளோடு எரிக்கப்பட்டன.

முறிந்த ஊசிக்கும் பழைய பொம்மைக்கும் நன்றி சொல்லி விடைகொடுக்க நாங்கள் செய்கிற அதே சடங்குதான். அன்று காற்று அதிகம். ஊதுபத்தி பற்றுவதற்குள் துறவிக்குப் பொறுமை போய்விட்டது. நகரக் காப்பகத்தின் காப்பாளன் என்ற முறையில் நன்றியுரையை நான்தான் சொன்னேன். சுருக்கமாக முடித்ததற்குப் பலரும் பாராட்டினார்கள்.

குதோ சான், மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்ததும் நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "நரிதா சான், இந்த நோய் பக்கத்துல பக்கத்துல இருக்கிற சுருளுக்குத்தானே தொத்தும்? ஹிநோசவாச் சுருளை மட்டும் பிடிச்சிருக்கே, ஊர் பேரைப் படிச்சுப் பார்த்தா தொத்தும்?" அதைக் கேட்க வேறு யாருக்கும் தோன்றவில்லை. பதில் சொல்கிறேன். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஹிநோசவா கிராமம் அணைத் தண்ணீருக்குள் போய் நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. அந்த ஊரில் கேமரா வைத்திருந்தவன் ஒரே ஒருவன், கூட்டுறவுக் கடையில் வேலை பார்த்த ஷின்பெய். கரிச்சூளை, நாற்று நடவு, கூரைப்பனி தள்ளுவது, குதிரை ஏலம், கல்யாணம் என்று எல்லாவற்றையும் எடுத்துவைத்தான். பிறகு மரம் வெட்டும் இடத்தில் அடிபட்டு இறந்தான். அவனுடைய விதவை கினுவேயை நான் மணந்தேன். இது ஊரறிந்த விஷயம்.

ஷின்பெய்யின் தம்பி சுருள்களைக் காப்பகத்துக்குக் கொடுத்தபோது நான் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டேன். நல்ல படங்கள். முதல் காட்சிக்கு ஹிநோசவாக்காரர்கள் பேருந்து பிடித்து வந்தார்கள். "அடேய், அது எங்கப்பன்டா! மூக்கைப் பாரு!" என்று ஒருவர் கத்தினார். "மூக்கு கெடக்கட்டும், மண்வெட்டி எங்க? அப்பவும் உங்கப்பன் சும்மாதான் நின்னுட்டு இருந்திருக்கான்" என்றாள் பின்வரிசைக் கிழவி. கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அப்புறம் ஒரு கோடைக்காலச் சுருள் ஓடியது. துணி துவைக்கும் தொட்டிக்குள் இரண்டு வயதுப் பெண்குழந்தை ஒன்று உட்கார்ந்து வெள்ளரிக்காய் கடித்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்து வாயைத் திறந்து ஏதோ சொன்னது. அந்தப் படத்தில் ஒலி கிடையாது.

அது சயோ. கினுவேக்கும் ஷின்பெய்க்கும் பிறந்தவள். அந்தக் குளிர்காலத்திலேயே நிமோனியாவில் போய்விட்டாள். எங்கள் வீட்டுப் பூசைமாடத்தில் அவளுடைய புகைப்படம் ஒன்றே ஒன்று இருக்கிறது, அதில் தூங்குகிறாள். கண் திறந்த சயோ அந்தச் சுருளில் மட்டும்தான் இருந்தாள்.

"'கொடு'ங்குது குழந்தை" என்றார் யாரோ.

"எனக்குத் தெரியாதா?" என்று கினுவே எழுந்து நின்றாள். "'தோச்சா'ங்கறா. அப்பாங்கிறது அவ வாயில அப்படித்தான் வரும்." பிறகு திரும்பி, படக்கருவியை ஓட்டிக்கொண்டிருந்த என்னை ஒளிக்கற்றை வழியாகப் பார்த்தாள். "ஏங்க, இன்னொரு தடவை போடுங்க."

போட்டேன். கேட்ட தடவையெல்லாம் போட்டேன்.

ஒருவனை வெறுக்க வேண்டுமென்றால் அவனுக்கு முகம் வேண்டும். ஷின்பெய் எந்தப் படத்திலும் இல்லை. சில இடங்களில் பனிமேல் தொப்பி வைத்த ஒரு நிழல் விழும், அவ்வளவுதான். ஆனால் அவன் எடுத்த படத்திலெல்லாம் கினுவே இருந்தாள். அவள் லென்ஸைப் பார்க்கவில்லை. லென்ஸுக்குச் சற்றுப் பக்கத்தில், கேமரா மறைக்காத அவனுடைய மறு கண்ணைப் பார்த்துச் சிரித்தாள். இத்தனை வருடமாக அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அந்தச் சிரிப்பு எனக்கு அறிமுகமில்லாதது.

இதைப் பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். கவனித்ததைச் சொல்கிறேன்.

மாதம் ஒரு காட்சி என்று வழக்கமாயிற்று. காலையிலேயே அவள் நல்ல கிமோனோவை எடுத்து வைத்துவிடுவாள். திரும்பும் வழியில் கேட்பாள்: "ஷின்பெய் நல்லா எடுத்திருக்காரு, இல்ல? தொழில் தெரிஞ்சவர் நீங்க. நீங்க சொல்லுங்க." நன்றாக எடுத்திருக்கிறான் என்பேன். வெளிச்சத்தைப் பற்றிக்கூடப் பாராட்டிச் சொல்வேன். ஒருநாள் சோற்றைப் பரிமாறிக்கொண்டே, "இந்தாங்க, ஷின்..." என்று தொடங்கி நிறுத்தினாள். பிறகு சிரித்தாள். "வயசாச்சுங்க. கோவிச்சுக்காதீங்க." நான் கோபிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் மாவட்டத்திலிருந்து கடிதம் வந்தது. ஹிநோசவாச் சுருள்களைக் கணினியில் ஏற்றி, வீட்டுக்கொரு டிவிடி வட்டு தருவதாகச் சொன்னீர்கள். கினுவே அன்றே புது டிவி வாங்கச் சொன்னாள். "பெரிசா வாங்குங்க. சயோ பெரிசாத் தெரியணும்." மாதம் ஒருமுறை வந்துபோன மனிதன் இனி என் வீட்டுக் கூடத்தில் குடியேறப்போகிறான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நான் எதையும் வெட்டவில்லை. தீ வைக்கவில்லை. அசிடேட் படச்சுருளுக்கு வரும் நோய் உங்களுக்கே தெரியும். முதலில் காடி வாசனை, வினிகர் நெடி, வரும். பிறகு சுருங்கும், நெளியும், கடைசியில் படம் உரிந்து வரும். புளித்துவிட்டது என்று நாங்கள் சொல்வோம். புளித்த ஒன்றை நல்ல சுருளோடு வைத்தால் அதன் ஆவியில் நல்லதும் புளிக்கும். அதனால்தான் அதைப் பிரித்து வைக்கிறோம், பெட்டிக்குக் காற்று விடுகிறோம்.

பள்ளி விளையாட்டு விழாச் சுருள் ஒன்று முன்பே புளித்து ஒதுக்கிக் கிடந்தது. அதிலிருந்து துண்டு துண்டாக எடுத்து ஹிநோசவாப் பெட்டிகள் ஒவ்வொன்றிலும் வைத்தேன். மூடியைச் சுற்றி நாடா ஒட்டினேன். குளிர் அறையிலிருந்து கொதிகலன் அறைச் சுவரோரம் மாற்றினேன். மாதக் காட்சியைப் படம் பலவீனமாக இருக்கிறதென்று நிறுத்தினேன். கணினி வேலைக்கு மற்ற ஊர்களின் சுருள்களை முதலில் அனுப்பினேன். வரிசை என்று ஒன்று இருக்கிறதல்லவா. சில கோடைகள் போதுமாக இருந்தன. வேறு எந்தச் சுருளுக்கும் தீங்கு வராதபடி பார்த்துக்கொண்டேன். நீங்கள் கண்டுபிடித்ததும் அதனால்தான். ஒரு காப்பாளனாக அதில் எனக்கு வருத்தமில்லை.

பெட்டிகளை அவ்வப்போது திறந்து பார்ப்பேன். வாசனை சட்டையில் ஏறிவிடும். "என்னங்க, இன்னிக்கும் சுஷிக் கடையில சோத்துக்குக் காடி கலக்குற வேலைதானா?" என்று கினுவே மூக்கைப் பிடித்துக்கொள்வாள். அந்தச் சட்டைகளை அவள்தான் துவைத்தாள்.

சுருள்கள் புளித்துவிட்ட சேதியை நானே சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க என்ன பண்ணுவீங்க? படத்துக்கும் வயசாகுமில்ல. இத்தனை நாள் காப்பாத்தினீங்களே, அதுவே பெரிசு." அவளுக்கு எப்போதும் நல்ல மனம். கோயிலில் தீ மூட்டியபோது அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பெண்கள் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. நான் நன்றியுரை சொல்ல வேண்டியிருந்ததால் அருகில் போக முடியவில்லை.

ஆம், நான்தான் செய்தேன். முப்பத்தாறையும். எதில் தொடங்கினேன் என்று கேட்டால், சயோ இருந்த சுருளில். தாமதமானால் அதை மட்டுமாவது யாராவது காப்பாற்றிவிடக்கூடும் என்று நினைத்தேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். கினுவேக்கு இது தெரிய வேண்டாம். மணமான நாளிலிருந்து இன்றுவரை அவள் கண்ணில் நான் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவைத்ததில்லை.