கழுவாத தட்டு

செகெட் நகரத் தலைக்காய நோயாளர் குடும்பச் சங்கத்தின் தலைவர், பெருமதிப்பிற்குரிய அம்புருஷ் அவர்களே! தீசா ஆற்றங்கரையின் பெரியோர்களே! மருத்துவமனை வாசலில் மனம் நடுங்க நின்ற தாய்மார்களே! மூளை ஆய்வாளர் இல்திகோவின் வணக்கம். இன்று என் குரலும் நடுங்குகிறது.

ஏன்? செர்ரி மரத்து ஏணியிலிருந்து விழுந்த என் தம்பி கெர்கெய் இன்னும் கண் திறக்கவில்லை!

காய்ச்சல் கொதிக்கிறது. காய்ச்சலுக்குக் கைவைத்தியமாக, வினிகரில் நனைத்த காலுறைகளோடு அம்மா மருத்துவமனைக்கே வந்துவிட்டாள். "படிச்சு என்னத்தடி கிழிச்ச? முதல்ல சூட்டை இறக்கு!" அவனைப் பார்க்கும் டாக்டர் லோரின்ட்ஸோ ஒரு சோதனை மருந்தைச் சொல்கிறார். "நோயெதிர்ப்புச் செல்கள் அனுப்புற சேதியை எல்லாம் மொத்தமா நிறுத்திடும். மூளை வீக்கம் வடிஞ்சுடும். சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க."

மொத்தமாக! அந்தச் சொல்தான் என்னைக் கலங்கடிக்கிறது.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம். மூளைச் செல்கள் வளரும் தட்டில் நோயெதிர்ப்புச் செல்கள் கசியவிட்டதை அழுக்கென்று நினைத்தோம். அலசினோம், அலசி அலசி அகற்றினோம்! பிறகு, அடிபட்ட மூளையில் நடப்பதுபோல ஆக்சிஜனைக் குறைத்தோம். செல்கள் செத்தன. அலச மறந்த ஒரு தட்டில் மட்டும் பாதிக்குமேல் பிழைத்தன! காத்தது யார்? நாங்கள் சாக்கடையில் கொட்டிய சேதி மூலக்கூறுகளில் ஒன்று! அதைத் தனியே சேர்த்தோம், பிழைத்தன. தடுத்தோம், மடிந்தன.

பின்வரிசை ஐயா கேட்கிறார், "அப்போ வீக்கம் நல்லதாம்மா?" இல்லை ஐயா! வீங்க வைக்கும் சேதியும் உண்டு, தாங்க வைக்கும் சேதியும் உண்டு. இரண்டின் வாயையும் சேர்த்துப் பொத்தலாமா?

இதையே டாக்டரிடம் சொன்னேன். "தட்டுல கெடக்கறது உங்க தம்பி இல்லையே?" என்றார். அதுவும் உண்மைதானே! வேண்டாமென்றால் வீக்கம் கொல்லுமோ? சரியென்றால் காவலையே நான் கொல்வேனோ? பயம் என்னைத் தின்கிறது.

வழக்கமான சிகிச்சை தொடரட்டும். அந்த மருந்து வேண்டாம் என்றே சொல்லப்போகிறேன். தாய்மார்களே, நீங்களும் கேளுங்கள்! எதை நிறுத்துகிறீர்கள் என்று கேளுங்கள்! எதை விட்டுவைக்கிறீர்கள் என்று கேளுங்கள்! பயந்துகொண்டே கேளுங்கள், ஆனால் கேளுங்கள்!

இங்கே வரக் கிளம்பும்போது அம்மா கேட்டாள், "உனக்கு நிச்சயமா தெரியுமாடி?"

"தெரியாதும்மா" என்றேன்.

அவள் என் கையை விடவில்லை. அதே கையைக் கூப்பி, பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி சொல்கிறேன். டாக்டர் காத்திருக்கிறார். வருகிறேன், வணக்கம்.