மூன்றாம் பலகை, நான்காம் பலகை

டீயில் இஞ்சி கொஞ்சம் தூக்கல், சாகேப். பரவாயில்லை, எனக்குப் பிடிக்கும்.

ஊர்வியை நீங்கள் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அந்தக் கோப்பில் கை வைத்தது நான்.

வடோதராவில் மருந்து லேபிள் வடிவமைக்கும் அந்த அலுவலகத்தில் எனக்குப் பத்தொன்பது வருடம். ஒரு கம்பெனியின் லேபிள்கள் எல்லாம் கணினியில் ஒரே கோப்புக்குள் இருக்கும். ஒவ்வொன்றும் தனி ஆர்ட்போர்டு. ஒரு பெரிய மேஜையில் பரப்பிய பலகைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பலகைக்கும் ஓர் எண். அச்சகத்துக்காரர் எண்ணைப் பார்த்துத்தான் எடுப்பார். எது எங்கே கிடக்கிறது, என்ன எண் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். யார் எதைத் தேடினாலும், "நயனாபென்னைக் கேளு" என்பார்கள்.

பிறகு ஊர்வி வேலைக்குச் சேர்ந்தாள். முதல் மாதமே நாற்பத்தாறு பலகைகளையும் மருந்துவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பெயர் போட்டுவிட்டாள். முதலாளி பரத்பாய் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தீங்களா நயனாபென்? இனிமே உங்களை யாரும் வந்து தொந்தரவு பண்ண மாட்டாங்க."

"நல்லதாப் போச்சு, பாய்" என்றேன்.

ஊர்வி சிரித்தாள். "உங்க தலைக்குள்ள இருந்ததைத்தான் நயனாபென், வெளிய எடுத்து வெச்சிருக்கேன்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நல்ல பெண்தான். அதன்பிறகு என் மேஜைக்கு யாரும் வரவில்லை.

ஒரு காய்ச்சல் மருந்து. வளர்ந்த பிள்ளைகளுக்கு சிரப். கைக்குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து, அது பல மடங்கு வீரியம். பாட்டிலின் பின்பக்கம் ஒட்டும் அளவுச்சீட்டு இரண்டுக்கும் ஒரே நிறம், ஒரே அகலம். ஒன்றில் ஐந்து மில்லி, மற்றதில் ஐந்து சொட்டு. மூன்றாம் பலகை, நான்காம் பலகை. கம்பெனி ஒப்புதல் கொடுத்த அன்று, ஊர்வி சாப்பிடப் போயிருந்தபோது, பலகைகளின் பட்டியலில் ஒன்றை இழுத்து மற்றதன் கீழே விட்டேன். திரையில் எதுவும் நகராது. எண் மட்டும்தான் மாறும்.

ஒரு திட்டு வாங்குவாள், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அச்சகத்திலிருந்து கனுபாய் போன் செய்தார். ஊர்வி அன்று லீவு.

"நயனாபென், சொட்டு மருந்துக்கு அஞ்சு மில்லின்னு வருதே. பச்சக் குழந்தைக்கு அவ்வளவா குடுப்பாங்க?"

"கம்பெனியே பாத்து ஓகே பண்ணது, கனுபாய். நாம என்ன டாக்டரா?"

"அப்ப அடிச்சிரவா?"

"அடிச்சிருங்க."

வேறென்ன சொல்ல முடியும்? நான் நிறுத்தச் சொல்லியிருந்தால் விஷயம் அந்த போனோடு முடிந்திருக்கும். ஊர்வி அடுக்கியதில் தப்பு வந்தது என்று ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

நான்கு குழந்தைகள் என்கிறீர்கள். பேப்பரில் மூன்று என்றுதான் போட்டிருந்தது.

யாருக்கும் கெடுதல் நினைத்தவள் இல்லை நான். மருந்துத் தொழிற்சாலையில் ஒவ்வொரு சீட்டையும் சோதித்துப் பார்க்க ஆள் இருக்கிறார்கள். அவர்கள் கண்டுபிடித்து நிறுத்திவிடுவார்கள் என்று முழுசாக நம்பினேன். அதில் எனக்குத் துளி சந்தேகமும் இருந்ததில்லை. சும்மா ஒரு முன்னெச்சரிக்கைக்குத்தான், அந்த வாரமே ஆனந்த் நகரில் இருக்கும் என் மகளைக் கூப்பிட்டு, குழந்தைக்கு அந்தச் சொட்டு மருந்தை மட்டும் வாங்காதே என்று சொல்லிவைத்தேன்.