அனுமதி கேட்கும் பாடம்

மடு மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மன்னாருக்குத் திரும்பும் பஸ். எனக்கு முன் சீற்றில் ஒரு கணவனும் மனைவியும்.

"இஞ்சேருங்கோ, மாதர் சங்க இங்கிலீஷ் வகுப்பில அனுமதி கேக்கிற பாடம் தந்தவை. நான் கேக்கிறன், நீங்கள் பதில் சொல்லுங்கோ. மே ஐ கோ டு வேர்க்?"

"என்னவாம்?"

"வேலைக்குப் போகலாமோ எண்டு."

"தலைமன்னார் ஹோட்டல் வேலையோ? அதுக்கு அண்டைக்கே ஏலாதெண்டு சொன்னனான்."

"இது பாடமப்பா. 'யெஸ், யூ மே' எண்டு சொல்லோணும்."

"ஏலாதெண்டு சொல்ல இங்கிலீஷ் இல்லையோ?"

"அது அடுத்த கிழமைதான் படிப்பிப்பினமாம்."

அவர் பாடம் ஒப்புவிப்பதுபோல் சொன்னார்.

"யெஸ், யூ மே."

மனைவி உடனே போனை எடுத்தார். "அக்கா, இவர் ஓமெண்டிட்டார். நாளைக்கே வாறன் எண்டு ஹோட்டலில சொல்லுங்கோ."

"எடியே, அது பாடமெல்லே!"

"பூசை கண்டு வாற வழியில சொன்ன சொல்லு. மாதா கேட்டுக்கொண்டுதான் இருப்பா."

பஸ் மன்னார்ப் பாலத்தில் ஏறியதும் கணவர் கேட்டார்:

"அடுத்த கிழமை வகுப்புக்கு ஆம்பிளையளையும் விடுவினமோ?"