தெற்கே திரும்பிய காற்று

மாலையின் கனத்தால் குனியவும் முடியாமல் கம்பீரமாக வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! முன்வரிசையை முந்தி வந்து பிடித்த மூத்தோர்களே! மணமக்களைப் பெற்றெடுத்த, பெற்றெடுக்காமலே பெருமைப்படுகிற தாய்மார்களே! அனைவருக்கும் வணக்கம்.

மணமகளின் மேலதிகாரி நான். விண்வெளி வானிலையைக் கவனிப்பது எங்கள் வேலை. என்ன ஐயா கேட்கிறீர்கள், மழை வருமா என்றா? அது பக்கத்து அலுவலகம்! நாங்கள் பார்ப்பது சூரியக் காற்று.

சூரியன் ஒளியை மட்டுமா அனுப்புகிறது? மின்னேற்றம் பெற்ற துகள்களையும் ஓயாமல் ஊதித் தள்ளுகிறது. இலையை அசைக்காது அந்தக் காற்று, கூரையைக் குலைக்காது அந்தக் காற்று. ஆனால் வானொலியைத் திணறடிக்கும், செயற்கைக்கோளைத் தடுமாற வைக்கும்! பூமியின் காந்தப்புலம்தான் நமக்குப் போர்வை. காற்று சுமந்து வரும் காந்தப்புலம் தெற்கு நோக்கித் திரும்பினால் போர்வை விலகும், புயல் புகும். எங்கள் கூடத்தில் "தெற்கே திரும்பிடுச்சு!" என்று குரல் எழுந்தால் தேநீர் கோப்பையிலேயே ஆறிப்போகும்.

நேற்று முன்தினம் அந்தக் குரலை எழுப்பியவள் இந்த மணமகள்! அப்போது மாப்பிள்ளை எங்கே? உலகின் மறுகோடியில், வடதுருவம் வழியாக வரும் விமானத்தில் ஏறக் காத்திருக்கிறார். எச்சரித்தால் விமானம் சுற்றிவரும், குறித்த நேரத்தில் கல்யாணம் நடக்காது. எச்சரிக்காவிட்டால்? துருவத்தின் மேலே விமானிக்கும் தரைக்கும் பேச்சே அறுந்துபோகலாம்!

"நீ எழுந்திரும்மா, நான் அனுப்புறேன்" என்றேன்.

"வேணாம் சார், பார்த்தது நான். நானே அனுப்புறேன்" என்றாள். கண் கலங்கியது. கை தயங்கவில்லை.

பிறகு தாய்க்குப் போன் போட்டாள். "அம்மா, காத்து தெற்கே திரும்பிடுச்சு. அவர் வர லேட்டாகும்." தாய் பதறித் தன் தம்பியிடம் சொன்னார். தம்பி யார்? பந்தல்காரர்! தெற்கு வாசலை அடைத்தார், தூணுக்குத் தூண் கயிறு கட்டினார். உங்களையெல்லாம் சமையல்கட்டு வழியாக ஏன் விட்டார்கள் என்று இப்போது புரிகிறதா? சிரியுங்கள், அவரும் சிரிக்கிறார்!

"தென்றலுக்கா மாமா இத்தனை கயிறு?" என்று கேட்டேன்.

"அக்கா அழுதா சார். தென்றலா இருந்தா என்ன, கட்டிட்டேன்!" என்றார்.

தெற்கிலிருந்து வந்தால் தென்றல், தெற்கே திரும்பினால் புயல். இதை அவருக்கு யார் சொன்னார்கள்?

நேற்றுக் காலையில் வரவேண்டிய மாப்பிள்ளை மாலையில்தான் வந்தார், நேற்றைய முகூர்த்தம் இன்றைக்குத் தள்ளிப்போனது. அவர் தந்தை கொதித்துப்போய், "தன் கல்யாணத்தைத் தானே நிறுத்துற பொண்ணை இப்பத்தான் பார்க்கிறேன்!" என்றார். மணமகள் முகம் வாடியது.

பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் மாப்பிள்ளை சொன்னார்: "அப்பா, பக்கத்து சீட்டுக் கைக்குழந்தை வழியெல்லாம் என் தோள்லதான் தூங்குச்சு. அதோட அம்மாகிட்ட, 'விமானம் லேட்டானதுக்குக் காரணம் என் பொண்டாட்டி'ன்னு பெருமையா சொல்லிட்டு வந்திருக்கேன்."

கல்யாணம் ஆகும் முன்பே பொண்டாட்டி! கேட்டீர்களா? கோபித்த தந்தையே முதலில் கைதட்டினார்.

யாரோ பெற்ற பிள்ளைக்காகத் தன் நல்ல நேரத்தையே தள்ளிவைத்தாளே, அவளுக்கு இனி எந்த நேரம்தான் கெட்ட நேரம்? மணமக்கள் நீடு வாழ்க! பொறுமையாகக் கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி, பசித்திருக்கும் உங்கள் வயிறுகளுக்கு வணக்கம்!