ஏழாவது இறங்குதுறையின் கதை

எனக்கு மோட்டார் சைக்கிள் ஓடத் தெரியாது, ஐயா. முப்பத்தெட்டு வயதில் சொல்ல வெட்கமான விஷயம்தான். ஆனால் நெடுந்தீவில் ஏன் இரண்டு சைக்கிள்களை வாடகைக்கு எடுத்தீர்கள் என்று மூன்று தரம் கேட்டுவிட்டீர்கள். என்னிடம் உள்ள பதில் இதுதான். அங்கேயும் ஒரு மோட்டார் சைக்கிளை எடுத்து டிலோன் ஓட, நான் பின்னால் ஏறியிருந்திருக்கலாமே என்கிறீர்கள். இருந்திருக்கலாம். அன்று காலை குறிகட்டுவான் இறங்குதுறை வரைக்கும் அப்படித்தான் வந்தோம்.

ஒழுங்காகச் சொல்கிறேன். வாக்குமூலம் எழுதுகிறவருக்குக் கை நோவெடுத்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

டிலோன் அல்லைப்பிட்டிக்காரன். இருபத்தேழு வயது. தகப்பனும் சித்தப்பாமாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவனுக்குச் சிறுவயதிலிருந்தே மூச்சிழுப்பு. படகில் போக ஏலாது. வீட்டில் இருந்து படம் வரைந்தான். யப்பானிய அனிமே படங்களைப் பார்த்துப் பார்த்துத் தானாகப் பழகிய கை. நான் வேலணையில் ஒரு அலுவலகத்தில் எழுதுவினைஞர். பத்திரிகைகளில் என் கதைகள் எட்டு வந்திருக்கின்றன. அதில் ஒன்றை வாசித்துவிட்டு அவனே என்னைத் தேடி வந்தான். "அண்ணை, நீங்கள் எழுதுங்கோ, நான் கீறுறன்" என்றான்.

ஒரு அனிமேஷன் படத்துக்காக இரண்டு வருடம் உழைத்தோம். 'ஏழாவது இறங்குதுறை' என்று பெயர் வைத்தது நான். ஒரு பெண்பிள்ளை பழைய ஆட்டோ ஒன்றில் மண்டைதீவிலிருந்து கிளம்பித் தீவு தீவாகப் போகிறாள். அவ்வளவுதான் கதை. இப்போது நானே அவ்வளவுதான் என்கிறேன், பாருங்கள். அப்போது அப்படி நினைக்கவில்லை. அவன் வரைந்ததைப் பார்த்தால் நீங்களும் நினைத்திருக்க மாட்டீர்கள். கடல் நடுவே போகும் தெருவின் இரு பக்கமும் தண்ணீர் எழும்பிக் கண்ணாடிச் சுவராக நிற்கும். அதற்குள் திருக்கை மீன்கள் ஆட்டோவோடு கூடவே பறந்துவரும். நெடுந்தீவுக் குதிரைகள் கல்மதில்களைத் தாண்டிக் கடலின்மேல் ஓடும். ஒரேயொரு மாலை வானத்துக்கு அவன் பதினொரு நாள் எடுத்தான்.

யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் முதல்முறை காட்டினோம். நல்ல கைதட்டல். அது ஓய்ந்த பிறகு முன்வரிசையில் இருந்த அரியநாயகம் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் எழும்பினார்.

"தம்பிமார், படங்கள் சோக்காயிருக்கு. அப்பிடி ஒண்டை நான் பாத்ததில்லை. ஆனா அந்தப் பிள்ளை ஏன் போகுது எண்டு எனக்குக் கடைசிவரைக்கும் விளங்கேல்லை."

சனம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. டிலோனும் சிரித்தான். அதை நான் கவனித்தேன்.

அடுத்த கிழமை ஒருவர் இணையத்தில் எழுதினார்: 'கண்ணுக்கு விருந்து, கதைக்குப் பஞ்சம்.' அதை எனக்கு அனுப்பிவைத்தது டிலோன்தான்.

அதற்குப் பிறகு அவனை உற்றுப் பார்க்கத் தொடங்கினேன். நீங்கள் சந்தேகம் என்று எழுதுவீர்கள். கவனம் என்பதுதான் சரியான சொல். சனிக்கிழமைகளில் நான் அவர்கள் வீட்டுப் படியேறும் சத்தம் கேட்டதும் மடிக்கணினியை மூடுவான். போன் வந்தால் எழும்பி வெளியே போய்ப் பேசுவான். முன்பெல்லாம் என் முன்னால் இருந்தே பேசுகிறவன். ஒரு நாள் அவனுடைய அக்கா யூலியானா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அண்ணை, கதையை வேற ஆருக்கும் ஒருக்காக் காட்டினா என்ன?" என்று கேட்டார். டிலோன் தலையை நிமிர்த்தவே இல்லை. முன்கூட்டியே பேசி வைத்தவர்கள்தான் அப்படித் தலை குனிந்துகொண்டு இருப்பார்கள்.

ஆடி மாதத்தில் அவன் மேசையில் என் கதையின் பிரதி ஒன்றைக் கண்டேன். ஓரமெல்லாம் பச்சை மையில் வேறொருவருடைய கையெழுத்து. 'இங்கே ஏன்?', 'இது வேண்டுமா?', 'இவளுக்கு என்ன இழப்பு?' கடைசிப் பக்கத்தில் நிலாந்தி என்ற பெயரும் ஒரு போன் இலக்கமும். நிலாந்தி வானொலிக்கு நாடகம் எழுதுகிறவர், கேள்விப்பட்டிருக்கிறேன்.

"ஆர் டிலோன், நிலாந்தி?"

"தெரிஞ்ச ஒராள், அண்ணை. பிறகு சொல்லுறன்."

மூன்று கிழமை காத்திருந்தேன். சொல்லவில்லை.

நெடுந்தீவுக்குப் போவோம் என்றது அவன்தான். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். "நாங்கள் கீறின பாதையாலை உண்மையா ஒருக்காப் போய்ப் பாப்பம், அண்ணை. கதை வழியிலை எங்கையாவது நிக்கும்" என்றான். ஆவணி மாதம், சோளகக் காற்று. வேலணை, புங்குடுதீவு என்று வந்து, குறிகட்டுவானில் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டுப் படகுக்கு நின்றோம். பெயர் பதிய அவன் போனான். பையை என்னிடம் தந்துவிட்டுப் போனான்.

பையின் பக்க உறையில் அவனுடைய பம்ப் இருந்தது. இழுப்பு வரும்போது வாயில் வைத்து அழுத்துகிற நீலநிறச் சாமான். அது வழியில் எங்கேயோ விழுந்திருக்க வேண்டும் என்று முதல் வாக்குமூலத்தில் சொன்னேன். அந்த வரியைத் திருத்திக்கொள்ளுங்கள். நான்தான் எடுத்து என் காற்சட்டைப் பைக்குள் வைத்தேன். அந்த நேரம் பெரிய யோசனை ஒன்றும் இல்லை. கொஞ்சம் பயந்தால் உண்மையைச் சொல்வான் என்று நினைத்தேன். உண்மையை அறிய நீங்களும் மனிதரைப் பயப்படுத்துகிறீர்கள்தானே.

தெற்கு வெளி வரைக்கும் எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தோம். அவனுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தான். குதிரைகளைக் கண்டதும் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். நாற்பது குதிரை இருக்கும். காய்ந்த நிலத்தில் அவை திரும்பி ஓட, புழுதி எங்கள்மேல் வந்தது. "பிழையாக் கீறிப்போட்டன், அண்ணை. ஓடேக்கை கழுத்து இப்பிடியெல்லோ போகுது" என்று சொல்லிக் கையால் காற்றில் வரைந்து காட்டினான். அப்படியே இருமத் தொடங்கினான்.

பையைத் திறந்தான். பிறகு எல்லாவற்றையும் நிலத்தில் கொட்டினான்.

"பம்ப் இல்லை."

"வடிவாப் பார்."

"வைச்சனான், அண்ணை. என்ரை கையாலை வைச்சனான்."

அவனுடைய போனில் சிக்னல் இல்லை. என்னுடையதில் இருந்தது. அவன் ஒரு கல்மதிலில் சாய்ந்து இருந்தான். நான் எதிரே குந்தினேன். நிலாந்தி யார் என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை. திரும்பவும் கேட்டேன். "உதவி" என்றான். அவனுக்கு உதவி வேண்டும் என்றானா, நிலாந்தி கதைக்கு உதவ வந்தவர் என்றானா, அப்போது பிரித்து விளங்கவில்லை. மூன்றாம் தரம் கேட்டபோது அவனுடைய கண் என் காற்சட்டைப் பையில் நின்றது. நான் குந்தியிருந்ததால் அது துருத்திக்கொண்டு தெரிந்திருக்க வேண்டும். விரலை நீட்டிக் காட்டினான்.

வாயால் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், ஐயா. விரலால் காட்டுவது கேட்பதாகாது.

பிறகு அவன் என்னோடு பேசவில்லை. அவ்வளவு பெரிய வெளியில், அவ்வளவு காற்றுக்குள் இருந்துகொண்டு, "யூலிச்சி, ஜன்னலைத் திற" என்று அக்காவைக் கூப்பிட்டான். இரண்டு தரம். அதன் பிறகு சொற்கள் வரவில்லை. இருபது, இருபத்தைந்து நிமிடம் இருக்கும். அவன் கை என் கையில்தான் இருந்தது. எல்லாம் ஓய்ந்த பிறகே ஆள் தேடி ஓடினேன். வேகமாகத்தான் ஓடினேன், மாடு மேய்த்துக்கொண்டு நின்ற வல்லிபுரம் என்பவர் அதைச் சொல்வார்.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து, படத்தைத் திருத்தி முடிக்கச் சொல்லி யூலியானாவே அவனுடைய மடிக்கணினியை என்னிடம் தந்தார். நிலாந்திக்கு அவன் எழுதியவை அதில் இருந்தன. 'அக்கா, கதை சுலக்சன் அண்ணையின்ரை. பேரும் அவரின்ரைதான். நீங்கள் எங்கை தொய்யுது எண்டு மட்டும் சொல்லுங்கோ. அவர் மனம் நோகாத மாதிரி நானே அவருக்குச் சொல்லுறன்.' ஏழு கடிதங்களிலும் என் பெயரோடு ஏறத்தாழ இதுதான். வாசித்தபோது கவலையாக இருந்தது. ஆனால் தொய்கிறது என்று அவனும் எழுதியிருக்கிறான், பாருங்கள். நான் முற்றிலும் பிழையாக நினைக்கவில்லை.

படங்களில் நான் கைவைக்கவில்லை. பெண்ணின் குரலை மட்டும் புதிதாக எழுதிப் பதிவு செய்வித்தேன். அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். மூச்சு முட்டிச் செத்தான். சாகும்போது அக்காவிடம் ஜன்னலைத் திறக்கச் சொன்னான். அவள் அப்போது பக்கத்தில் இல்லை. அதனால்தான் போகிறாள், காற்றைத் தேடி. ஒரு கோடுகூட மாற்றாமல் அத்தனை படத்துக்கும் அர்த்தம் வந்துவிட்டது.

ஆறாம் மாத நினைவுநாளில் அல்லைப்பிட்டியில் காட்டினோம். நகரத்திலிருந்து அரியநாயகம் மாஸ்டரும் வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப விளங்குது, தம்பி" என்றார். கண் கலங்கியிருந்தது. ஒருவரும் உடனே எழும்பவில்லை. ஒரு எழுத்துக்காரனுக்கு அது என்ன நேரம் என்று உங்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்த ஏலாது.

யூலியானா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். சனம் போன பிறகு கிட்ட வந்தார்.

"அந்த வசனம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"டிலோன் எப்பவோ சொன்னவன்."

"அவன் ஒருத்தருக்கும் சொல்லான். வெக்கம். கடுமையா முட்டினா மட்டும், தன்னை அறியாமச் சொல்லுறது. என்னைத் தவிர அதைக் கேட்ட ஒருத்தரும் இல்லை." அவர் குரலை உயர்த்தவில்லை. "நீங்கள் உடனை ஆளைக் கூட்டிவர ஓடினதெண்டெல்லோ பொலிசுக்குச் சொன்னனீங்கள், அண்ணை? அவன் இதைச் சொல்லேக்கை நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?"

நான் கதிரைகளை அடுக்கத் தொடங்கினேன். அடுத்த நாள் அவர் உங்களிடம் வந்தார். என் அலுவலக மேசை லாச்சியில் நீங்கள் எடுத்த பம்ப் அவனுடையதுதான். எறிய மனம் வரவில்லை. டிலோன் செத்தது என்னால்தான். மருந்தைப் பையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். இதைக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

படத்தை இனி எங்கேயும் காட்டப் போவதில்லை என்று யூலியானா சொல்வதாக அறிந்தேன். அது அவருடைய விருப்பம். எப்போதாவது மனம் மாறிக் காட்டினால், அந்த ஜன்னல் வசனத்தை மட்டும் எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சொன்னது டிலோன்தான், மறுக்கவில்லை. ஆனால் எழுதியது நான்.