மஞ்சள் துண்டு

வாழைப்பழச் சீப்பை வண்டிக்குள் கொக்கியில்தான் தொங்கவிட வேண்டும். தட்டில் வைத்தால் நாலு வளைவு தாண்டுவதற்குள் அடிபட்டுக் கறுத்துவிடும். கறுத்த பழத்தைக் கொடுத்தால் என் தங்கை பாதியைக் கடித்துவிட்டு மீதியை வைத்துவிடுவாள். அப்புறம் மேடு ஏறத் தெம்பு இருக்காது. இதெல்லாம் ஒரு விஷயமா என்று நீங்கள் நினைக்கலாம், ஐயா. நேற்று வந்து உட்கார்ந்து, "நடந்ததை உங்க கைப்பட எழுதிக் குடுங்கம்மா, விவரமா இருக்கட்டும்" என்றீர்கள். விவரமாக எழுதித்தான் எனக்குப் பழக்கம். இருபத்தெட்டு வருடம் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கடிதம் எழுதியே கை தேய்ந்தவள் நான்.

அவளுக்கும் எனக்கும் பதினான்கு வயது வித்தியாசம். அம்மா இறந்தபோது அவளுக்கு ஐந்து. தலைவாரிப் பின்னிவிட்டது, காய்ச்சலுக்கு விழித்திருந்தது, மருந்துக்கடை வேலைக்கு விண்ணப்பம் எழுதியது எல்லாம் நான்தான். முப்பதைத் தாண்டியதும் அவளுக்குச் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. முதலில் ஊரைச் சுற்றினாள், பிறகு மலை வேண்டும் என்றாள். தனியாக விட்டுவிட முடியுமா? விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தேன். பழைய வேன் ஒன்றை வாங்கி உள்ளே இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து வீடாக்கினேன். அது போகிற வேகத்தைப் பார்த்து அவள் 'ஆமை' என்று பெயர் வைத்தாள். ஐந்து வருடமாக அவள் சைக்கிளில், நான் ஆமையில்.

மலைப்பாதையில் கைபேசி எடுக்காது. அதனால் ஒரு முறை வகுத்தேன். அவள் ஒரு பக்கம் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருக்கும்போது நான் உச்சியைக் கடந்து, மறுபக்க இறக்கத்தைக் கடைசிவரை ஓட்டிப் பார்ப்பேன். கல் கிடக்கிறதா, எண்ணெய் சிந்தியிருக்கிறதா, மாடு நிற்கிறதா என்று குறித்துக்கொள்வேன். திரும்ப உச்சிக்கு வந்து வண்டியின் பின்ஏணியில் துண்டு கட்டுவேன். மஞ்சள் என்றால் பாதை சுத்தம், பிரேக்கைத் தொடாமல் இறங்கலாம். சிவப்பு என்றால் இறங்கி உருட்டிக்கொண்டு வர வேண்டும். அவள் நிற்கக்கூட மாட்டாள். துண்டைப் பார்ப்பாள், கையை ஆட்டுவாள், போய்விடுவாள். ஐந்து வருடத்தில் ஒரு சிராய்ப்பு கிடையாது.

அந்தக் கடைசிப் பயணத்தின் ஒன்பதாம் நாள் காலை, வண்டிக்கு வெளியே மடக்கு நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவள் டம்ளரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அக்கா, அடுத்த தடவ நான் அவரோட போறேன்."

அவர் என்றால் எங்கள் தெரு முனையில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். ஆள் ஒல்லி, நான் 'கம்பி' என்பேன். அவருக்கும் அவளுக்கும் பழக்கம் என்று எனக்குத் தெரியும். அது இவ்வளவு தூரம் வந்திருப்பது தெரியாது.

"மூணு பேருக்கு ஆமைல இடம் பத்தாதேடி" என்றேன்.

"ஆமையே வேணாங்க்கா. ரெண்டு சைக்கிள், ரெண்டு பை. அவ்ளோதான்."

"சாப்பாடு?"

"வழில கடையே இருக்காதா?"

"பிரேக்கெல்லாம் யாரு பாப்பா?"

அவள் சிரித்துவிட்டாள். "அக்கா, அவரு சைக்கிள் கடையே வச்சிருக்காரு! கல்யாணத்துக்கப்புறம் அவர் வீட்டு மாடிக்குப் போயிருவோம். நீ எனக்காக ஓடுனது போதும். இனிமேலாவது உன் வாழ்க்கையைப் பாரு."

அன்பாகத்தான் சொன்னாள், அதில் சந்தேகம் இல்லை. டம்ளர்களைக் கழுவிக்கொண்டே அவள் சொன்ன மாதிரி என் வாழ்க்கையைப் பார்த்தேன். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

பத்தே முக்காலுக்கு உச்சியைக் கடந்து இறங்கினேன். மூன்றாவது வளைவில் சிறுபாலத்தைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பாதிச் சாலையில் ஓர் ஆள் உயரத்துக்குப் பள்ளம், மீதிப் பாதியில் ஜல்லி. எச்சரிக்கைக்கு ஒரே ஒரு தகர டிரம், அதுவும் வளைவு தாண்டித்தான் கண்ணில் படும். வேலையாட்கள் யாரும் இல்லை. வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். மெதுவாக வந்தால் ஒன்றும் ஆகாது. அவள் வருகிற வேகத்துக்குக் கால் உடையும் என்று கணக்குப் போட்டேன். கால் என்றால் மூன்று மாதம். மூன்று மாதத்தில் மனிதர்களின் புத்தி எவ்வளவோ மாறுகிறது. மேலே வந்ததும் ஆமையின் பின்கதவு அகலத்தை அளந்தேன். சக்கர நாற்காலி தாராளமாக நுழையும்.

பிறகு மஞ்சள் துண்டைக் கட்டினேன்.

பதினொன்று இருபதுக்கு அவள் உச்சிக்கு வந்தாள். துண்டைப் பார்த்தாள், கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். சத்தம் கேட்ட பிறகு உடனே போகவில்லை. முதலில் மஞ்சளை அவிழ்த்து மடித்து உள்ளே வைத்துவிட்டு, சிவப்பைக் கட்டினேன். அதன் பிறகுதான் இறங்கினேன்.

என் கணக்கு காலோடு நிற்கவில்லை. கழுத்து எலும்பு என்றார் டாக்டர். தோளுக்குக் கீழே அசைவு வராது என்றார். ஆஸ்பத்திரியில் இரண்டாவது வாரம் அவளுக்குப் பேச்சு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "என்ன துண்டுக்கா கட்டியிருந்த?" என்பதுதான். சிவப்பு என்றேன்.

"எனக்கு மஞ்சளாத் தெரிஞ்சுதுக்கா. கவனிக்காம வந்துட்டேன் போல. உன்னயும் சேத்துக் கஷ்டப்படுத்துறேன். மன்னிச்சிருக்கா."

"போனது போகட்டும், விடு" என்றேன்.

மன்னித்துவிட்டேன் என்று தெரிந்ததும் அவளுக்கு எவ்வளவு ஆறுதல் என்று அந்த முகத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கே புரிந்திருக்கும்.

ஐந்து மாதமாக வீட்டில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கிறேன். படுக்கைப் புண் ஒன்றுகூட இல்லை. நர்ஸம்மா வரும்போதெல்லாம், "இப்படி ஒரு அக்கா யாருக்குக் கெடைப்பா?" என்று சொல்லிவிட்டுப் போகிறார். கம்பி தினமும் வாசலில் வந்து நிற்கிறார். அவளுக்கு அவரைப் பார்க்க இஷ்டமில்லை என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் இந்தப் பக்கமே வருவதில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேருக்கும் வீண் மனக்கஷ்டம் எதற்கு?

அவள் தலைக்கவசத்தில் இருந்தது கம்பி வாங்கிக் கொடுத்த காமிரா என்று எனக்குத் தெரியாது. விளக்கு என்று நினைத்திருந்தேன். இந்த விவகாரம் முழுவதிலும் நான் கவனிக்கத் தவறியது அது ஒன்றுதான். உடைந்த சைக்கிளோடு அதையும் வாங்கிப் போனவர், உள்ளே இருந்த படத்தை எடுத்து உங்களிடம் கொடுத்திருக்கிறார். நேற்று நீங்கள் போட்டுக் காட்டினீர்கள். மஞ்சள் தெளிவாகவே தெரிகிறது.

நீங்கள் நல்ல மனிதர். "பதட்டத்துல மாத்திக் கட்டிட்டீங்களாம்மா? அப்படின்னா அப்படியே எழுதுங்க, புரிஞ்சுக்கறோம்" என்றீர்கள். இரவெல்லாம் யோசித்தேன். அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. ஐந்து வருடத்தில் நான் ஒரு துண்டைக்கூட மாற்றிக் கட்டியதில்லை. கவனக்குறைவால் என் தங்கையை விழவைத்தேன் என்று நாலு பேர் பேசுவதை என்னால் தாங்க முடியாது. பள்ளத்தைப் பார்த்தேன், அவள் வேகம் எனக்குத் தெரியும், தெரிந்துதான் மஞ்சளைக் கட்டினேன். இது முழு நினைவோடு எழுதியது.

என்னை அழைத்துப் போக வருவதானால் நாலரை மணிக்கு மேல் வாருங்கள். நாலு மணிக்கு அவளை இடப்பக்கம் திருப்ப வேண்டும். வாசலில் கம்பி நின்றுகொண்டிருப்பார், அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே வந்துவிடுங்கள். எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று முன்கூட்டியே சொன்னால் உதவியாக இருக்கும். பாவம், அவளுக்கு என்னை விட்டால் வேறு நாதி கிடையாது.