அத்தான் குடித்த எலுமிச்சைத் தண்ணீர்

எழுதித் தருகிறேன் என்று நானே சொன்னதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. சந்தோஷமான விஷயத்தைப் பேச ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு சரியாக வந்துவிட்டால் விக்கல் எடுப்பதுபோல் சிரிப்பேன், டீச்சர் வெளியே நிற்க வைப்பார். காலையில் நீங்கள் கேள்வி கேட்டபோதும் சிரித்துவிட்டேன். உங்கள் முகம் மாறியதைப் பார்த்தேன். கேலி இல்லை ஐயா. நடந்ததை நினைத்தால் இப்போதும் அடிவயிற்றில் ஊஞ்சல் ஆடுவதுபோல் இருக்கிறது, அவ்வளவுதான்.

என் வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எந்தெந்த நெருக்கடியில் உடம்பின் திசுக்கள் எப்படிச் சேதமாகின்றன என்று ஆய்வுக்கூடத்தில் பார்ப்பது. வெப்பம், தாகம், பட்டினி, சர்க்கரை. இவை தனித்தனியாக வந்தால் உடம்பு சமாளித்துக்கொள்ளும். தாராள மனசு அதற்கு. கூட்டமாக வந்தால்தான் திணறும். என் எலிகளைச் சூடான பெட்டியில் வைப்பேன். எலிக்கு வேர்க்காது, எச்சிலை உடம்பெல்லாம் பூசிப் பூசித் தன்னைக் குளிர வைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் தண்ணீர் கொடுக்க மாட்டேன். நாக்கு வறண்ட பிறகு சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பேன், ஆசை தீரக் குடிக்கும். சிறுநீரகத்துக்குள் மயிரிழை மாதிரிக் குழாய்கள் இருக்கின்றன. வறண்டு கிடக்கும் அந்தக் குழாய்களின் செல்கள், வந்து கொட்டும் சர்க்கரையைக் கையாளப் போய், இருக்கிற சக்தியையெல்லாம் செலவழித்துவிட்டுச் சாகும். சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கிழிந்த ரோஸ் நிற லேஸ் துணி மாதிரி இருக்கும். முதல் தடவை பார்த்தபோது எழுந்து நின்று கை தட்டினேன்.

ஆய்வுக்கூடத்துக் கூட்டத்தில் அந்தப் படத்தைக் காட்டினேன். எங்கள் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எலி சரிம்மா. எலி எங்க வேலைக்குப் போகுது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான், நல்ல ஜோக். மனிதர்களிடம் பார்க்க அனுமதி கேட்டேன். நெறிக்குழுவில் இருந்த பெரியவர் தன்மையாகத்தான் பேசினார். "வெயில்ல வேலை செய்றவங்கள நீங்க தாராளமா பாருங்க. ஆனா பாதிப்பு தெரிஞ்ச உடனே அவங்ககிட்ட சொல்லி நிறுத்தணும்" என்றார். நிறுத்திவிட்டால் பாதிப்பு எங்கே போய் முடிகிறது என்று எப்படித் தெரியும்? பாதி வழியில் இறங்கிவிட்டு ஊரைப் பார்த்தேன் என்று சொல்ல முடியுமா? அவரிடம் இதைக் கேட்கவில்லை. மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

அத்தான் என் அக்காவின் கணவர். அப்பா இல்லாத வீட்டில் எனக்கு எல்லாமாக இருந்தவர் அவர்தான். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கல்லூரியில் கார்டியன் யார் என்று கேட்டபோது முன்னால் வந்து நின்றார். டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். ஒரு பெரிய நீராவிச் சலவைக்கூடத்தில் அவருக்கு வேலை. ஹோட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளைக் கொதிக்கும் உருளைகளுக்கு நடுவே விட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும். எப்போதும் புசுபுசுவென்று மூச்சு விட்டுக்கொண்டு, ஏதாவது பாடிக்கொண்டு ஓடியாடி வேலை செய்வதால் அங்கே அவருக்கு இன்ஜின் என்று பெயர்.

ஒரு நாள் மதியம் அக்கா வீட்டில் இருந்தேன். அத்தான் வேலை முடிந்து வந்தார். சட்டையைக் கழற்றிப் பிழிந்தார். தண்ணீர் சொட்டியது.

"வாங்க, துணி துவைக்கிற இடத்துல உங்களையும் சேர்த்துத் துவைச்சிட்டாங்களா?" என்றாள் அக்கா.

"அயர்ன் மட்டும் பாக்கி. நீ பண்ணிடு" என்று சொல்லிவிட்டு, அக்கா கலக்கி வைத்திருந்த எலுமிச்சைத் தண்ணீரைச் சொம்போடு தூக்கிக் குடித்தார். சர்க்கரை தூக்கலாக. அவர் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெப்பம் நான் உண்டாக்கியது இல்லை. தாகம் நான் உண்டாக்கியது இல்லை. எல்லாம் ஏற்கெனவே இருந்தது, என்னைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்கா என் முதுகில் ஒன்று வைத்து, "என்னடி, பைத்தியமா?" என்றாள். அன்று மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கினேன். வழியில் தேவையே இல்லாமல் ஒரு ஜோடி சிவப்புச் செருப்பு வாங்கினேன்.

அடுத்த வாரமே அத்தானுக்கு ஒரு பெரிய பிளாஸ்க் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் கையாலேயே பிழிந்து, என் கையாலேயே சர்க்கரை போட்டது. "வேலை நடுவுல தண்ணி குடிக்காதீங்க அத்தான், வயிறு கனத்துடும், சூட்டுல மயக்கம் வரும். முடிச்சிட்டு இத முழுசா குடிங்க" என்று சொன்னேன். "டாக்டரம்மா சொன்னா சரிதான்" என்று சல்யூட் அடித்தார். கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் அவரே சொல்லிவிட்டார். படித்தவள் சொன்னால் கேட்கிற நல்ல ஜனங்கள்.

குடும்பத்துக்கு ஒரு செக்கப் என்று சொல்லி அவ்வப்போது ரத்தம் எடுத்தேன். வேலைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முடிவைப் பார்த்த அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எலியில் பார்த்த அதே மாற்றம், அதே வரிசையில். எங்கள் ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒருத்தி இருக்கிறாள். நான் பாடிக்கொண்டே பெட்டிகளைத் துடைப்பதைப் பார்த்து, "கண்ணாடில பாத்தியா உன் மூஞ்சிய? பல்பு மாதிரி எரியுது. யாரு அந்த ஆளு?" என்று கேட்டாள்.

"எங்க அத்தான்" என்றேன்.

அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு வலிக்கச் சிரிப்பேன்.

ஆனால் ஒரே ஒரு ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. தலைவர் அடுத்த ஜோக்கை எடுத்து விடுவார். அதனால் பிளாஸ்க் போய்க் கேன் வந்தது. உருளைப் பக்கம் வேலை செய்யும் எல்லோருக்கும் எலுமிச்சைத் தண்ணீர். சுவருக்கு அந்தப் பக்கம், துணி மடிக்கும் இடத்தில், சூடு கிடையாது. அங்கே இருந்த பெண்களுக்கும் அதே தண்ணீர், அதே சர்க்கரை. சூடு இல்லாமல் சர்க்கரை மட்டும் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமே. பாய்லர் அறை ஆட்களுக்குச் சூடு உண்டு, இனிப்பு கிடையாது. அவர்களுக்கு வெறும் தண்ணீர் அனுப்பினேன். "நாங்க மட்டும் என்ன பாவம் பண்ணோம்?" என்று பாய்லர்க்காரர் ஒருவர் சண்டைக்கு வந்தார். அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

நான் கேனோடு உள்ளே நுழைந்தால் கைதட்டல் கேட்கும். என் பிறந்த நாளுக்கு ஒரு படுக்கை விரிப்பில் என் பெயரைத் தைத்துத் தொங்கவிட்டார்கள். எல்லோருக்கும் ரத்தம் எடுத்தேன், எல்லோருக்கும் முதுகில் தட்டிக்கொடுத்தேன். சலவைக்கூடத்து மேஸ்திரியிடம் பேசி, உருளைப் பக்கத்துக் காற்றோட்ட விசிறியை நிறுத்த வைத்தேன். வேர்த்த உடம்பில் காற்றுப் பட்டால் நெஞ்சில் சளி கட்டும் என்றேன். மேஸ்திரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கள யாரும்மா இவ்வளவு நினைக்கிறாங்க?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். அந்தக் கோடையிலும் அதற்கு அடுத்த கோடையிலும் நேசிக்கப்பட்டதுபோல் என் வாழ்க்கையில் வேறு எப்போதும் நான் நேசிக்கப்பட்டதில்லை.

இரண்டாவது கோடையின் நடுவில் அத்தானின் கால் வீங்க ஆரம்பித்தது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். "பாப்பா, காலுக்குக் கொழுப்பு வந்திருக்கு பாரு, சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்று சிரித்தார். பாடுவதை நிறுத்திவிட்டிருந்தார். சோற்றைக் கண்டாலே குமட்டுகிறது என்று அக்கா சொன்னாள். ஒரு நாள் என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா? எனக்கு என்னவோ பயமா இருக்குடி."

"நான் பாத்துட்டுத்தானே இருக்கேன்?"

"ரத்தம் எடுத்தியே. எல்லாம் எப்படி இருக்கு?"

"ரொம்ப அழகா இருக்கு அக்கா" என்றேன்.

அது பொய் இல்லை. அதுபோல ஒரு சுத்தமான வளைகோட்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். "நீ இருக்கிறதால நான் தைரியமா இருக்கேன்" என்றாள். அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, அத்தானுக்கு இன்னொரு டம்ளர் கலக்கினேன்.

அவர் உருளைக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்தபோது நான் அங்கே இல்லை. அந்த ஒன்றுதான் எனக்குக் குறை. ஆஸ்பத்திரியில் இயந்திரத்தில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார்கள். அங்கே இருந்த டாக்டர், சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது, எதனால் என்றே புரியவில்லை என்றார். எனக்குப் புரிந்திருந்தது. உலகத்திலேயே அது புரிந்த ஒரே ஆள் நான்தான் என்று நினைத்தபோது தலை கிறுகிறுத்தது. வராந்தாவில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். நான் துக்கத்தில் தள்ளாடுவதாக நினைத்து ஒரு நர்ஸ் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

அந்த வாரமே கூட்டத்தில் எல்லாவற்றையும் வைத்தேன். உருளைக்காரர்கள், மடிப்புக்காரர்கள், பாய்லர்க்காரர்கள், மூன்று கோடுகள், மூன்று நிறங்கள். அப்புறம் தலைவர் கேட்டார்.

"இவங்க யாரும்மா?"

"வேலைக்குப் போற எலிங்க சார்" என்றேன். அவர் ஜோக்குக்கு நான் வைத்திருந்த பதில். இதற்காகவே எத்தனை நாள் காத்திருந்தேன் தெரியுமா? யாரும் சிரிக்கவில்லை.

"இவங்ககிட்ட சொன்னியா? ஒப்புதல் வாங்கினியா?"

"குடும்பம் சார்" என்றேன். அவர் மெதுவாக உட்கார்ந்துவிட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஒரு ஒப்புதல்தானே, வாங்கிவிட்டால் போகிறது. மறுநாள் காலையில் அத்தானிடம் போனேன். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகம் வெளுத்து உப்பியிருந்தது. கட்டிலில் உட்கார்ந்து, குழந்தைக்குக் கதை சொல்வதுபோல் ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவரால் என்ன கண்டுபிடித்திருக்கிறோம், இனிமேல் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்றெல்லாம் சொன்னேன். இடையில் சிரித்தும்விட்டேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடுவுல தண்ணி குடிக்க வேணாம்னு சொன்னியே?"

"இதுக்குத்தான் அத்தான்."

"ஃபேன நிறுத்தினது?"

"அதுவும் நான்தான்."

மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். "அங்க மத்தவங்களுக்கும் அதேதானா?"

"ஆமா. நீங்க மட்டும்னா பத்தாது அத்தான்."

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். குழாய்கள் இழுத்துப் பிடித்தன. "சிஸ்டர், ஒரு ஃபோன் போட்டுக் குடுங்க" என்று கத்தினார். அவ்வளவு குரல் அவரிடம் மிச்சம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நர்ஸ் ஃபோனை அவர் காதருகே பிடித்தாள். மேஸ்திரியிடம் பேசினார். "அந்தக் கேன கீழ கொட்டுங்க. ஆமா, நம்ம பாப்பா கொண்டுவந்ததுதான். கொட்டுங்க. எல்லாரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. போலீஸ்லயும் சொல்லிடுங்க." அதன் பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் கூப்பிட்டுப் பார்த்தேன், திரும்பவில்லை. களைப்பு. அன்று சாயங்காலம் அவர் இதயம் நின்றுவிட்டது.

அந்த ஃபோனை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சிறுநீரகம் வடிகட்டாத யூரியா மூளைக்கு ஏறிவிட்டால் மனிதர்கள் அப்படித்தான் குழம்புவார்கள், இது புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தக் குழப்பத்திலும் நம்ம பாப்பா என்றுதானே சொன்னார்?

நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் ஆம்தான். கேன் என்னுடையது. விசிறி என் யோசனை. அத்தானைக் கொன்றது நான்தான் என்று எழுத வேண்டும் என்றால், இதோ எழுதிவிட்டேன். உருளைப் பக்கத்து ஆட்கள் இன்னும் சிலர் படுத்துக் கிடப்பதாகச் சொன்னீர்கள். அவர்களின் ரத்தத்தைத் தொடர்ந்து பார்க்கச் சொல்லுங்கள், பாதியில் விட்டுவிட்டால் எல்லாம் வீண்.

காலையிலிருந்து அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். கதவு திறக்கும்போதெல்லாம் கையை ஆட்டுகிறேன், அவள் கவனிக்கவில்லை. சாட்சி சொல்ல வந்திருப்பதாக உங்கள் கான்ஸ்டபிள் சொன்னார். கேட்டதும் எனக்கு மறுபடியும் அந்த ஊஞ்சல் ஆடியது. அத்தானை நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று அவளைவிட நன்றாகச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?